பீட்டில்ஸ்: பாண்டியிலும் கடலூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் ஜூன் 21 இசைத் திருநாள் நெருங்கும்போது, பாண்டியில் கிட்டார் கற்பவர்களும், அவர்களை வகுப்பில் விட வரும் பெற்றோரும், கடலூரிலிருந்து பாட்டுக் கேட்க வருபவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். லிவர்பூல்காரர்கள் நால்வர் அடைந்த புகழ் உலகத்தின் பாட்டையும் உடையையும் வியாபாரத்தையும் எப்படி மாற்றியது என்பதைச் சுற்றித்தான் எல்லாக் கேள்விகளும் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறோம். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பீட்டில்ஸ் பீட்டில்ஸ்னு சொல்றீங்களே, யார் இவங்க? எத்தனை பேரு?

நான்கு பேர். ஜான் லெனன் ரிதம் கிட்டார், பால் மெக்கார்ட்னி பேஸ் கிட்டார், ஜார்ஜ் ஹாரிசன் லீட் கிட்டார், ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ். நால்வருமே பாடுவார்கள். ஊர் இங்கிலாந்தின் லிவர்பூல். லெனனும் மெக்கார்ட்னியும் 1957 ஜூலை 6 அன்று ஒரு தேவாலயத் திருவிழாவில் சந்தித்தார்கள். முதல் இசைத்தட்டு 1962 அக்டோபர் 5-இல் வந்தது. 1970 ஏப்ரலில் குழு உடைந்த செய்தி வெளியானது. இவ்வளவு பேச்சுக்கும் காரணமான காலம் எட்டு ஆண்டுகூட இல்லை. லெனன் 1980-இல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹாரிசன் 2001-இல் புற்றுநோயால் இறந்தார்.

ரிங்கோ கடைசியாகச் சேர்ந்தவர். அவருக்கு முன்னிருந்த டிரம்மர் பீட் பெஸ்ட் நீக்கப்பட்ட நாள் 1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே நாள்தான் என்பதால், பாண்டிக்காரர்கள் இந்தத் தேதியை மறக்கவே முடியாது.

ஒரே டிவி ஷோல, ஒரே ராத்திரியில பேமஸ் ஆயிட்டாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. நிஜமா?

அந்த ஒரு இரவுக்குப் பின்னால் (1964-இல் அமெரிக்க டிவியில் வந்த எட் சல்லிவன் நிகழ்ச்சி, கீழே வருகிறது) மூன்றரை ஆண்டு மேடை உழைப்பு இருக்கிறது. 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதி ஒன்றில் வாசிக்கப் போனார்கள். ஒப்பந்தப்படி வார நாட்களில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். கையிலிருந்த பாடல்கள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் புதிது புதிதாகப் பழகினார்கள், ஒரே பாட்டை நீட்டினார்கள், குடித்துவிட்டுச் சத்தம் போடும் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவைக்கக் கற்றார்கள். ஹாரிசனுக்கு அப்போது வயது 17. அந்த வயதில் இரவு விடுதியில் வேலை செய்யக் கூடாது என்று நவம்பரில் அவரை நாடு கடத்தினார்கள். ஊர் திரும்பியதும் லிவர்பூலின் கேவர்ன் என்ற நிலவறை மன்றத்தில் 1963 ஆகஸ்ட் வரை, 300-க்குச் சற்றுக் குறைவான முறை வாசித்தார்கள்.

இதன் பலனை முதல் ஆல்பத்தில் கேட்கலாம். 14 பாடல்களில் 10 பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானவை. கடைசிப் பாட்டுக்கு வரும்போது சளியோடு பாடிய லெனனின் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது. முதல் முறை பாடியதையே தட்டில் வைத்தார்கள். மேடையில் அத்தனை மணி நேரம் நின்றவர்களுக்கு மட்டுமே அது முடியும்.

லிவர்பூல் துறைமுக ஊருங்கறதாலதான் இதெல்லாம் வந்துச்சா? அப்போ நம்ம கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்துல ஏன் வரல?

கப்பல் ஊழியர்கள் அமெரிக்கத் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள், அதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்ற கதை கொஞ்சம் பெரிதாக்கப்பட்டது. அவர்கள் பழகிய அமெரிக்கப் பாடல்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலேயே வெளியாகி, லிவர்பூல் கடைகளில் விலைக்குக் கிடைத்தவை. துறைமுகத்தைவிட வலுவான காரணங்கள் வேறு மூன்று.

ஒன்று, ஸ்கிஃபிள். தேயிலைப் பெட்டியில் கம்பும் கயிறும் கட்டி பேஸ், துணி துவைக்கும் தகரப் பலகையில் தாளம், ஒரு மலிவான கிட்டார், இவ்வளவு இருந்தால் வாசிக்கலாம் என்ற இசை 1956-இல் பிரிட்டனெங்கும் பரவியது. லெனனின் முதல் குழு அப்படிப்பட்டதுதான். இரண்டு, கட்டாய ராணுவச் சேவை. 1939 அக்டோபருக்குப் பிறகு பிறந்தவர்களை அழைக்காமல் அது முடிவுக்கு வந்தது. லெனன் பிறந்தது 1940 அக்டோபர். சட்டம் இன்னும் சில ஆண்டுகள் நீடித்திருந்தால் குழு சேரும் வயதில் ஆளாளுக்கு ஒரு முகாமில் இருந்திருப்பார்கள். மூன்று, தவணை முறையில் கிட்டார் வாங்கும் வசதி. காசும் நேரமும் கருவியும் ஒரே வயதில் கைக்கு வந்த தலைமுறை அது. கடலூரில் 1960-இல் எலக்ட்ரிக் கிட்டாரும், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் தவணைக்கு எங்கே கிடைத்தது?

அந்த முடி, அந்த கோட்டு, அது யாரோட ஐடியா?

முடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஹாம்பர்க்கில் பழகிய கலைக் கல்லூரி நண்பர்கள் அப்படித்தான் முன்னால் சீவியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான யூர்கன் ஃபோல்மர்தான் 1961-இல் பாரிசில் லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் அப்படி வெட்டிவிட்டார். அதுவரை ராக் பாடகர் என்றால் எண்ணெய் தடவி மேலே தூக்கிச் சீவ வேண்டும். எண்ணெய் இல்லாமல் நெற்றியில் விழும் முடி அன்றைக்குப் பெரியவர்களைக் கோபப்படுத்தியது. பள்ளிகளில் பையன்களைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போனது.

கோட்டு, மேலாளர் பிரையன் எப்ஸ்டைனின் முடிவு. லிவர்பூலில் குடும்பக் கடையின் இசைத்தட்டுப் பிரிவை நடத்தியவர், 1961 நவம்பர் 9 அன்று கேவர்னில் இவர்களைப் பார்த்தார். தோல் ஜாக்கெட்டைக் கழற்றவைத்தார், மேடையில் சாப்பிடுவதையும் சிகரெட் பிடிப்பதையும் நிறுத்தினார், பாட்டு முடிந்ததும் நால்வரும் சேர்ந்து குனிந்து வணங்க வேண்டும் என்றார். காலர் இல்லாத அந்த 1963 கோட்டு, பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் கார்தானின் பாணியைப் பார்த்துத் தைத்தது. ஒரு குழுவுக்கு முகம், உடை, நடை எல்லாம் சேர்ந்த ஒரே அடையாளம் வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் நினைப்பது இந்த வேலையிலிருந்து வளர்ந்தது.

சரி, அமெரிக்காவுல எப்படி அவ்ளோ சீக்கிரம் புடிச்சாங்க?

அமெரிக்கா முதலில் வேண்டாம் என்றது. இவர்களுடைய பிரிட்டிஷ் நிறுவனமான இ.எம்.ஐ.யின் அமெரிக்கக் கிளை கேப்பிட்டல். அது ஆரம்பத் தட்டுகளை வெளியிட மறுத்தது. அவை வீ-ஜே, ஸ்வான் என்ற சின்ன நிறுவனங்களில் வந்து அப்போது கவனிக்கப்படாமல் போயின. 1963 இறுதியில் கேப்பிட்டல் மனம் மாறியது, விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கியது. வாஷிங்டன் வானொலி ஒன்று வரவழைத்த தட்டை முன்கூட்டியே ஒலிபரப்ப, ஜனவரியில் வர வேண்டிய ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ டிசம்பர் 26-க்கே கடைக்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை, பிள்ளைகள் வீட்டில், கையில் பரிசுப் பணம், பக்கத்தில் ரேடியோ. விமானம் ஏறுமுன்பே பாட்டு முதலிடத்தில் இருந்தது.

1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு, எட் சல்லிவன் நிகழ்ச்சி. பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி. ஏப்ரல் 4 தேதியிட்ட பில்போர்டு இதழின் வெற்றிப் பாடல் பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் இவர்களுடையவை. முன்னே மறுக்கப்பட்ட பழைய தட்டுகளையும் அந்தச் சின்ன நிறுவனங்கள் மறுபடி இறக்கியதால்தான் ஐந்து இடங்களும் ஒரே வாரத்தில் நிரம்பின.

பொண்ணுங்க ஏன் அப்படிக் கத்தினாங்க? அதெல்லாம் காசு குடுத்து கூட்டி வந்த கூட்டமா?

இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பெருங்கூட்டம் அப்போதுதான் பதின்வயதை எட்டியிருந்தது. கையில் செலவுப் பணம் இருந்தது, தனியாகக் கேட்க டிரான்சிஸ்டர் வந்திருந்தது. அடக்கமாக உட்கார வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண்களுக்கு, ஆயிரம் பேர் நடுவே வாய்விட்டுக் கத்த ஓர் இடம் கிடைத்தது. அன்றைய விமர்சகர்கள் பலர் இதை வெறும் வெறி என்று ஒதுக்கினார்கள். அது பெரிய தவறு. இந்தப் பாடல்களில் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான். விமர்சகர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர ஆண்டுகள் ஆயின. ரசிகர் மன்றம், மாத இதழ், சுவரொட்டி, அறைச் சுவரில் படம் என்று இன்று கொரியக் குழுக்களின் ரசிகர்கள் செய்வதை அவர்கள் அன்றே செய்தார்கள்.

எங்க அப்பா எல்விஸ் ஃபேன். "அவருக்கு மேல இவங்க என்ன புதுசா கிழிச்சாங்க"ன்னு கேக்குறாரு. என்ன சொல்றது?

அப்பா கேட்பது நியாயம். ராக் அண்ட் ரோல் இவர்கள் கண்டுபிடித்தது இல்லை. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடகர்கள், பெண்கள் குழுவான ஷிரெல்ஸ் என்று கறுப்பின அமெரிக்கர்களிடமிருந்து நேரடியாக எடுத்துப் பழகினார்கள், அதை ஒளிக்கவும் இல்லை. குழுவின் பெயரேகூட அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலியின் குழுப் பெயரான ‘கிரிக்கெட்ஸ்’ போல ஒரு பூச்சியின் பெயர் வேண்டும் என்று தேடி வைத்தது.

புதிது எது என்றால், வாசிப்பவர்களே எழுதுவது. அதற்கு முன் பாடகர் ஒருவர், பாட்டு எழுதுபவர் இன்னொருவர், இசை அமைப்பவர் வேறொருவர் என்பதுதான் பொது வழக்கம். தமிழ்ச் சினிமாவில் இன்றும் அப்படித்தான். பட்டி ஹாலியும் சக் பெர்ரியும் தாங்களே எழுதியவர்கள்தான், ஆனால் இவர்களுக்குப் பிறகுதான் அது விதியே ஆனது. முதல் ஆல்பத்தின் 14-இல் 8 சொந்தப் பாடல்கள். 1964-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் 13 பாடல்களும் லெனன்-மெக்கார்ட்னி எழுதியவை. அதற்குப் பிறகு சொந்தப் பாட்டு இல்லாத ராக் குழுவை யாரும் முழுக் குழுவாக மதிக்கவில்லை. "உங்க ஒரிஜினல் ஏதாவது இருக்கா?" என்று கல்லூரி விழாவில் நடுவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது. முன்னால் ஒரு நாயகன், பின்னால் முகமில்லாத வாத்தியக்காரர்கள் என்ற அமைப்பும் இவர்களோடு தளர்ந்தது. நால்வரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

எந்த கிட்டார், எந்த டிரம்ஸ் வெச்சிருந்தாங்க? எங்க பேண்டுல அந்த சவுண்டு வரவே மாட்டேங்குது.

மெக்கார்ட்னியிடம் வயலின் வடிவத்து ஹாஃப்னர் பேஸ். இடக்கைக்காரரான அவர் 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கியது. 1972-இல் திருடு போன அது, 2024-இல்தான் மீண்டும் அவரிடம் வந்து சேர்ந்தது என்ற செய்தி வெளியானது. லெனனுக்கும் ஹாரிசனுக்கும் ரிக்கன்பேக்கர், கிரெட்ச் கிட்டார்கள். ரிங்கோவுக்கு லுட்விக் டிரம்ஸ். ஆம்ப் பெரும்பாலும் 30 வாட் வால்வு வாக்ஸ். டிரம் தோலில் குழுப் பெயருக்கு மேலே லுட்விக் பெயரும் தெரிந்ததால், அமெரிக்காவில் அந்த நிறுவனத்துக்கு ஆர்டர் குவிந்தது. ஹாரிசனின் 12 கம்பி ரிக்கன்பேக்கரைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் பர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்குவின் அதே கருவியைத் தேடிப் போனார். நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த அமெரிக்க ஃபோக் ராக் அந்த ஒலியில் வளர்ந்தது.

உங்களுக்கு அந்த விலைக் கருவி தேவையில்லை. பெரும்பாலும் நடக்கும் தவறு, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றிவிடுவது. கெய்னைக் குறையுங்கள், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைப் போடுங்கள், டிரெபிளைப் பாதிக்கு மேலே வையுங்கள், கம்ப்ரஸர் இருந்தால் மெலிதாகச் சேருங்கள். 12 கம்பி ஒலி வேண்டுமென்றால் ஒருவர் கீழே கார்டு பிடிக்கட்டும், இன்னொருவர் அதையே ஓர் ஆக்டேவ் மேலே வாசிக்கட்டும். 12 கம்பி கிட்டாரில் தடித்த நான்கு ஜோடிகள் அப்படித்தான் ஆக்டேவ் வித்தியாசத்தில் கட்டப்பட்டிருக்கும், மெல்லிய இரண்டு ஜோடிகள் மட்டும் ஒரே சுருதி. டிரம்மருக்கு: ஸ்னேர் மேல் ஒரு பழைய கைக்குட்டையை விரித்தால் 1960-களின் கடைசி ஆல்பங்களில் கேட்கும் அந்த அடங்கிய ஒலி வரும், ரிங்கோ தேநீர்த் துண்டுகளைப் போர்த்தித்தான் வாசித்தார். ஒன்று சொல்ல வேண்டும், நம் கடற்கரை உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பியில் அந்த மணியோசை எந்த ஆம்ப்பிலும் வராது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் உட்பட உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அவ்ளோ பேரு புகழ் இருக்கும்போது கச்சேரியை ஏன் நிறுத்தினாங்க?

தங்கள் வாசிப்பு தங்களுக்கே கேட்கவில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர். வாக்ஸ் நிறுவனம் இதற்கென 100 வாட் ஆம்ப்களைச் செய்து கொடுத்திருந்தது. குரல் போனது விளையாட்டு மைதான அறிவிப்புக்கு வைத்திருந்த ஒலிபெருக்கிகளில். மேடையில் வாசிப்பவரை நோக்கித் திருப்பி வைக்கும் மானிட்டர் என்ற பொருளே அப்போது வழக்கத்தில் இல்லை. ரிங்கோ மற்றவர்களின் தோளும் தலையும் ஆடுவதைப் பார்த்துப் பாட்டு எங்கே போகிறது என்று ஊகித்தார்.

1966-இல் நிலைமை மோசமானது. மணிலாவில் அதிபர் மாளிகை விருந்துக்குப் போகவில்லை என்று பாதுகாப்பு விலக்கப்பட்டு, விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு. அமெரிக்காவில் தட்டுகளை எரித்தார்கள் (இது தனிக் கேள்வியாகக் கீழே). ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவோடு சுற்றுப்பயணம் முடிந்தது. அரங்கம் பெரிதாகிவிட்டது, அதற்கேற்ற ஒலி அமைப்பு இன்னும் பிறக்கவில்லை. இன்றைய மிக்ஸர் மேசை, மானிட்டர், தொங்கவிடும் ஸ்பீக்கர் வரிசை எல்லாம் அந்தக் குறையை நிரப்ப அடுத்தடுத்து வந்தவை.

ஸ்டுடியோல புதுசு புதுசா பண்ணாங்கன்னு சொல்றாங்க. நாலு டிராக்ல என்னத்த பண்ண முடியும்?

டிராக் என்றால் ஒரே டேப்பில் தனித்தனியே பதியும் தடம். ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் 1967-இல் நான்கு டிராக் டேப் இயந்திரத்தில்தான் உருவானது. வழி இதுதான். டிரம்ஸும் பேஸும் ஒரு டிராக், கிட்டார் ஒன்று, பியானோ ஒன்று, தாளக் கருவிகள் ஒன்று என நான்கையும் நிரப்புவார்கள். பிறகு நான்கையும் கலந்து, இரண்டாவது இயந்திரத்தில் ஒரே டிராக்காக இறக்குவார்கள். இப்போது அந்த இரண்டாவது டேப்பில் மூன்று டிராக் காலி. அதில் குரல், வயலின் என்று நிரப்பி, தேவைப்பட்டால் மீண்டும் இறக்குவார்கள்.

இதில் இரண்டு ஆபத்துகள். ஒவ்வொரு இறக்கத்திலும் டேப் இரைச்சல் கூடும். இறக்கிய பிறகு "டிரம்ஸ் கொஞ்சம் குறைவு" என்று தோன்றினால் திரும்பிப் போக வழியில்லை. எனவே பாட்டு முடியும் முன்பே முடிவு எப்படி ஒலிக்கும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் ஒலிப்பதிவாளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் பதிவுச் செயலியில் இதே கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பதிந்து பாருங்கள். நான்கு டிராக், கலந்து ஒன்று, மீதி மூன்று, திருத்தம் கிடையாது. எதை முதலில் வைப்பது என்று யோசிக்கும் பழக்கம் வேறு எந்தப் பயிற்சியிலும் இப்படி வராது.

ஒரே குரலை இரண்டு முறை பாடிச் சேர்ப்பது லெனனுக்குச் சலிப்பு. அதற்காக 1966-இல் பொறியாளர் கென் டவுன்செண்ட், இன்னொரு டேப் இயந்திரத்தால் குரலை வினாடியின் ஒரு சிறு பங்கு தள்ளிக் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உங்கள் செயலியில் டிலேயை 20 முதல் 40 மில்லி வினாடிக்குள், எதிரொலி ஒரே முறை என்று வைத்தால் அதற்கு நெருக்கமாக வரும்.

டியூனர் வெச்சு கரெக்டா சுருதி சேத்தாலும் சில பாட்டோட ஒத்து வரலியே?

உங்கள் கிட்டாரில் குறை இல்லை. டேப்பின் வேகத்தை மாற்றிப் பதிந்த பாடல்கள் பல. வேகம் மாறினால் சுருதியும் மாறும், இரண்டு சுரங்களுக்கு நடுவே போய் நிற்கும். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டில் வேறு சுருதி, வேறு காலப்பிரமாணத்தில் பதிந்த இரண்டு பதிவுகளை, வேகத்தை மாற்றிச் சமன் செய்து சுமார் ஒரு நிமிடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கம்பியை முறுக்குவதை விட்டுவிட்டு, பாட்டின் சுருதியைச் சிறு சிறு அளவில் ஏற்றி இறக்கும் செயலியில் போட்டு உங்கள் கிட்டாருக்கு இணையாகக் கொண்டுவாருங்கள்.

ஆல்பம், மியூசிக் வீடியோ, இதெல்லாம் இவங்க ஆரம்பிச்சதா?

ஆரம்பித்தார்கள் என்பதைவிட, மற்றவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பு லாங் பிளே என்றால் இரண்டு வெற்றிப் பாடலும் பத்து நிரப்புப் பாடலும். ‘சார்ஜென்ட் பெப்பர்’ அட்டை, பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் வடிவமைத்த தனிக் கலைப்பொருள். பின்னட்டையில் எல்லாப் பாடல் வரிகளும் அச்சாயின. வரிசை மாற்றாமல் முழுதாகக் கேட்க வேண்டிய ஒன்று என்று தட்டை மக்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

வீடியோ, அலைச்சலைத் தவிர்க்க வந்தது. ஒவ்வொரு நாட்டு டிவிக்கும் நேரில் போக முடியாததால் 1966 மே மாதம் இரண்டு பாடல்களைப் படமெடுத்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 1967 ஜூன் 25 அன்று செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகள் சேர்ந்து நேரலை செய்த நிகழ்ச்சியில் பிரிட்டனின் பங்காகப் போனதும் இவர்கள் பாட்டுதான்.

சித்தார் எப்படி இவங்க கைக்குப் போச்சு? நம்ம வீணை ஏன் போகல?

1965-இல் ஒரு படப்பிடிப்பில், உணவகக் காட்சிக்கு வந்த இந்திய வாத்தியங்களை ஹாரிசன் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு லண்டனில் கைவினைப் பொருள் கடை ஒன்றில் மலிவான சித்தார் வாங்கினார். அக்டோபரில் ‘நார்வீஜியன் வுட்’ பதிவில் அதை மீட்டினார். அப்போது அவருக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை, கிட்டார் மெட்டையே அதில் எடுத்தார். 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியில் ரிக்கி ராம் கடையில் நல்ல சித்தார் வாங்கினார். செப்டம்பரில் பம்பாய் வந்து ரவிசங்கரிடம் உட்கார்ந்து, கால் மடக்கி அமர்வதிலிருந்து கற்றார். 1968 ஜனவரியில் பம்பாய் ஸ்டுடியோவில் இந்தியக் கலைஞர்களை வைத்தே ஒரு பாட்டுக்கு இசைப்பகுதியைப் பதிந்தார்.

வீணை போகாததற்குக் காரணம், ஆள். மேற்கே 1950-களிலிருந்தே சுற்றி, ஆங்கிலத்தில் விளக்கி, தட்டு வெளியிட்டு வந்தவர் ரவிசங்கர். ஆனால் அவருக்கு இந்தப் புகழ் முழு மகிழ்ச்சி தரவில்லை. புகைத்துக்கொண்டு கேட்கும் கூட்டத்தை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக ஹாரிசனும் அவரும் நடத்திய நிகழ்ச்சியில், அவர் சுருதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கைதட்டியது. பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்து நிவாரண நிதி திரட்டும் வழக்கத்துக்கு அந்த நிகழ்ச்சிதான் முன்மாதிரி.

ஆரோவில்லுக்கு பீட்டில்ஸ் வந்தாங்கன்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?

வரவில்லை. போனது ரிஷிகேஷ், மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம், 1968 பிப்ரவரி. ஆரோவில் தொடங்கியது அதே மாதம் 28-ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் சேர்த்து. தேதி நெருக்கத்தால் இரண்டும் பேச்சில் கலந்துவிட்டன. ஆரோவில் திட்டத்துக்கு யுனெஸ்கோ ஆதரவுத் தீர்மானம் 1966-லேயே வந்துவிட்டது, பாட்டுக்காரர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ரிங்கோ சுமார் பத்து நாளில் கிளம்பிவிட்டார், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் தங்கி நிறையப் பாடல்கள் எழுதினார்கள். அவற்றில் பல அந்த ஆண்டே வெள்ளை அட்டை இரட்டை ஆல்பத்தில் வந்தன. மேற்கத்திய இளைஞர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு வரும் அலை அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. இந்தப் பயணத்தின் புகைப்படங்கள் அதைப் பல மடங்காக்கின.

அப்போ நம்ம சினிமா பாட்டுல இவங்க பாதிப்பு இருக்கா?

இந்தியில் நேரடிச் சாட்சி உண்டு. 1965-இல் வந்த ‘ஜான்வர்’ படத்தில் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ மெட்டு அப்படியே வருகிறது, தலைமுடியோடு ஒரு குழுவும் திரையில் நிற்கிறது. தமிழில் கவனம் தேவை. 1960-களின் பாடல்களில் வரும் எலக்ட்ரிக் கிட்டார், பாங்கோ, ட்விஸ்ட் எல்லாவற்றையும் பீட்டில்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி அதற்கு முந்திய ராக் அண்ட் ரோல், லத்தீன் நடன இசை வழியாக வந்தது.

தட்டுகள் இங்கே கிடைத்தன. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி அச்சிட்டது. இளைஞர்கள் குழு சேர்ந்து வாசித்தார்கள். சிகரெட் நிறுவனம் நடத்திய சிம்லா பீட் போட்டியில் வென்ற குழுக்களின் பாடல்கள் 1970, 1971-இல் தட்டாகவே வந்தன. பெரிய தடை, கருவி. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நல்ல ஆம்ப் கிடைப்பது அரிது.

பாண்டியில பிரெஞ்சு படிச்ச பெரியவங்க "யே-யே" பாட்டுன்னு சொல்றாங்க. அது இவங்களா?

நெருங்கிய உறவு. பாட்டில் வரும் ஆங்கில "யே" என்ற கூவலை வைத்து, 1963-இல் சமூகவியலாளர் எட்கர் மோரன் பிரெஞ்சு இளைஞர் இசைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஜானி ஹாலிடே, ஃப்ரான்சுவாஸ் ஆர்டி எல்லாம் அந்த வரிசை. பீட்டில்ஸ் 1964 ஜனவரி 16 முதல் பிப்ரவரி 4 வரை பாரிசின் ஒலிம்பியா அரங்கில் வாசித்தார்கள். அமெரிக்காவில் முதலிடம் என்ற தந்தி அவர்களுக்கு வந்தது பாரிஸ் ஓட்டலில்தான்.

இயேசுவை விட நாங்க பெருசுன்னு சொன்னாங்களாமே? எங்க பாட்டி அதுக்காகவே கேக்க மாட்டாங்க.

1966 மார்ச்சில் லண்டன் நாளிதழ் பேட்டியில், மதத்தில் ஈடுபாடு குறைந்துவருவதைப் பற்றிப் பேசும்போது, இப்போது நாங்கள் இயேசுவை விடப் பிரபலம் என்ற பொருளில் லெனன் சொன்னார். பிரிட்டனில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து மாதம் கழித்து அமெரிக்கப் பதின்வயதினர் இதழ் அதைத் தனியே எடுத்துப் போட்டதும் தென் மாநிலங்களில் தட்டுகளை எரித்தார்கள். லெனன் சிகாகோவில் பத்திரிகையாளர்கள் முன் வருத்தம் தெரிவித்தார். பாட்டியின் வருத்தம் மதிக்க வேண்டியது, வற்புறுத்த வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் பாட்டியிடம் சொல்லலாம். 1964 செப்டம்பர் 11 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்காரவைத்தால் மேடை ஏற மாட்டோம் என்று மறுத்தார்கள். பிரிக்காத கூட்டத்துக்கு முன்தான் வாசித்தார்கள்.

இவ்ளோ புகழ்ல எவ்ளோ சம்பாதிச்சாங்க? ஏமாந்தாங்கன்னும் சொல்றாங்களே?

இரண்டும் உண்மை. பொம்மை, விக், சாப்பாட்டுத் தட்டு, டிபன் பெட்டி என்று பெயர் போட்டு விற்கும் உரிமையை 1963-இல் எப்ஸ்டைன் தரப்பு விற்றபோது, வருமானத்தில் 90 சதவீதம் வாங்கியவர்களுக்கு, 10 சதவீதம் இவர்களுக்கு என்று ஒப்பந்தம். அந்தச் சந்தை எவ்வளவு பெரிது என்று அப்போது யாருக்கும் அளவு தெரியாது.

பாடல் உரிமை இன்னும் வேதனை. அவர்கள் பாடல்களின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் என்ற நிறுவனத்தில் லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் தலா 20 சதவீதம்தான். 1969-இல் அது ஏ.டி.வி. என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது, 1985-இல் மைக்கேல் ஜாக்சன் 4.75 கோடி டாலருக்கு வாங்கினார். சொந்தமாக எழுதுபவர்கள் (எல்விஸ் கேள்வியில் சொன்னது) உரிமையையும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பிற்காலக் கலைஞர்கள் போராடுவது இதைப் பார்த்துத்தான். உங்கள் பாட்டை யாராவது "ரிலீஸ் பண்ணித் தரோம்" என்று கேட்டால், எழுத்தின் உரிமை யாரிடம், பதிவின் உரிமை யாரிடம் என்று இரண்டையும் தனித்தனியே படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

செத்தவர் குரலை ஏ.ஐ.ல செஞ்சு 2023-ல பாட்டு விட்டாங்களே, அது போலிதானே?

குரல் லெனனுடையதே, 1970-களின் இறுதியில் அவர் வீட்டில் கேசட்டில் பாடியது. பியானோ சத்தமும் இரைச்சலும் குரலோடு கலந்திருந்ததால் 1995-இல் முயன்று கைவிட்டார்கள். புதிய மென்பொருள் குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தது, புதிதாக எதையும் பாடவைக்கவில்லை. ஹாரிசன் 1995-இல் வாசித்த கிட்டாரும் அதில் உண்டு. 2025 பிப்ரவரியில் அதற்கு கிராமி கிடைத்தது.

ஜூன் 21-ந்தேதி ரோட்ல இவங்க பாட்டு வாசிக்கலாமா? லைசென்ஸ் வேணுமா?

பாட்டுக்கும் பதிவுக்கும் வேறு வேறு உரிமை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். பாட்டுக்கு, எழுதியவர்களில் கடைசியாக இருப்பவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். மெக்கார்ட்னி உயிரோடு இருக்கிறார், அதனால் லெனனும் அவரும் சேர்ந்து எழுதிய எந்தப் பாட்டும் பொதுச் சொத்தாகவில்லை. அமெச்சூர் மன்றம் கட்டணம் வாங்காமல் வாசித்தால் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் இருந்தாலோ, உணவகம் தன் வியாபாரத்துக்காக நடத்தினாலோ, நடத்துபவர், பாட்டு எழுதியவர்கள் சார்பில் உரிமம் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி தனி. அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பாட்டைத் தேர்வு செய்யும்போது 1963, 1964 பாடல்களாக எடுங்கள். பிற்காலத்து ஸ்டுடியோ பாடல்கள் தெருவில் நிற்காது. மூன்று குரல் சேரும் பாட்டாக இருந்தால் வாத்தியம் இல்லாமல் தொடங்குங்கள்: முதலில் நடுக் குரல் மட்டும், அது நிலைத்ததும் மேல் குரல், கடைசியில் கீழ்க் குரல். மூவருக்கும் ஆளுக்கொரு மைக் கொடுத்தால் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் தனித்தனியே கத்துவார்கள். ஒரே மைக்கைச் சுற்றி ஒரு முழம் தள்ளி நிற்கவையுங்கள், சத்தம் கூடியவர் அரையடி பின்னால் போகட்டும்.